இரத்தினவேல் அண்ணைக்குப் பின்னால் போன கார்கள்

ஸ்காபரோவில் ஒரு தமிழன் பனி கொட்டும் மாரியில் சைக்கிள் ஓடினால் அதற்கு இரண்டே இரண்டு காரணங்கள்தான் இருக்கமுடியும் என்பது எங்கள் சனத்தின் முடிவு. ஒன்று, குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டு லைசன்ஸ் பறிபோயிருக்க வேண்டும். அல்லது வீட்டையும் காரையும் வங்கி கொண்டுபோயிருக்க வேண்டும். ஆசைப்பட்டு ஓடுகிறான் என்று நீங்கள் சொன்னால் உடனே மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: பாவம், தலைக்குள் ஏதோ பிசகு.

இரத்தினவேல் அண்ணை இந்த மூன்றிலும் சேராதவர். பியர் மணம் பட்டாலே தும்முகிற மனிதர். அஜின்கோர்ட்டில் சொந்த வீடு, வாசலில் இரண்டு கார். எல்ஸ்மியர் பக்கம் ஒரு பாண், அதுதான் ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் அடுப்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். நீர்வேலியில் பிறந்து, பத்தொன்பது வயதில் அகதியாக இங்கே வந்து, நகரத்தின் நடுவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். கடை பூட்டும் நேரத்தில் பஸ் இருக்காது. கூட வேலை செய்த போர்த்துக்கேயச் சமையல்காரர் தன் பழைய சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். அதில் ஏறியவர்தான். பிறகு கலியாணம் முடித்தார், கார் வாங்கினார், மகள் நிலாணி பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் போனாள். அண்ணை மட்டும் சைக்கிளால் இறங்கவில்லை. வெளியே நின்றால் மூக்கு மயிர் விறைக்கும் குளிரிலும் விடியற்காலை வேலைக்குச் சைக்கிளில்தான் போனார். ஏன் இந்தத் தலைவிதி என்று ஒருமுறை கேட்டேன்.

"காருக்குள்ள இருந்தால் ரேடியோ கதைக்கும், ரெலிபோன் கதைக்கும், உன்ரை அக்கா கதைப்பா. சைக்கிளிலை ஒண்டும் கதையாது தம்பி," என்றார்.

இரண்டு மாரிகளுக்கு முன்னர் மிட்லண்ட் வீதித் திருப்பத்தில், வெறும் ஈரம்போலத் தெரிந்த ஐஸில் சில்லு வழுக்கிவிட்டது. தோளெலும்பும் முழங்கையும் முறிந்தன. ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தபோது அவர் மனைவி யோகராணி அக்கா எடுத்தார். அந்தப் போனில் இருந்து அவர் இன்னமும் மீளவில்லை என்றே சொல்லவேண்டும்.

எலும்பு பொருந்திவிட்டது என்று டொக்டர் சொன்னார். மனிதர்தான் பொருந்தவில்லை. கடை வாசலில் காரால் இறங்கியதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வார். தபால் எடுக்க நிலாணியை அனுப்புவார். ஓகஸ்ட் மாத வெயிலில், காய்ந்த புல்லில் நடக்கும்போதுகூடக் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஒரு காலத்தில் பனிப்புயலுக்குள் சைக்கிள் ஓடிய மனிதர். பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது.

போன கார்த்திகையில் ஒரு கலியாண மண்டபத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மாரி ஏறாட்டில் இனி நான் ஏறமாட்டன். பிறகு எனக்குக் கதிரைதான். காரிலை ஒரு கதிரை, வீட்டிலை ஒரு கதிரை, கடைசியிலை சில்லு பூட்டின கதிரை. ஒருநாள், ஒரே ஒருநாள், வீட்டிலையிருந்து வேலை வாசல் வரைக்கும் ஸ்நோவுக்குள்ள நானாய் ஓடிப் போய்ச் சேரோணும். அது காணும்."

சொல்லும்போது என் சட்டைக்கையை விடாமல் பிடித்திருந்தார். நான் பாயாசத்தைக் குடித்துக்கொண்டு, "ஓடுங்கோ அண்ணை, ஆர் மறிக்கினம்?" என்றேன். மறிக்கப் போகிறவர்களின் தொகை எனக்கு அப்போது தெரியாது.

முதலில் மறித்தது யோகராணி அக்கா. ஒரு வாரம் சமையல் நின்றது. பிறகு, இந்த மனிதரைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், முழுப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு காற்சட்டை, மூன்று மேற்சட்டை, நிலாணி பனிச்சறுக்குக்குப் போட்ட பெரிய கண்ணாடி, வீதி வேலைக்காரர் போடும் மஞ்சள் அங்கி, கழுத்தைச் சுற்றிச் சால்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்மெற். அண்ணையால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "நல்லது, திரும்பத் தேவையில்லை. பின்னுக்குத் திரும்பிப் பாத்துத்தான் எல்லாரும் விழுறது," என்று அக்கா சட்டம் போட்டார்.

"அப்பா, யூ லுக் லைக் எ ட்ராஃபிக் கோன்," என்றாள் நிலாணி.

சைக்கிளுக்கு ஆணி பதித்த புது ரயர் பூட்டினார்கள். புது வாகனத்துக்கு எங்கள் ஆட்கள் செய்வதை இதற்கும் செய்யவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். ஹாண்டிலுக்கு விபூதி, சந்தனம், குங்குமம். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம். காரென்றால் பழம் நசிந்து சாறு தெறிக்கும், கண்ணூறு கழிந்துவிடும். ஆனால் அக்கா சுபநேரம் பார்த்து முதல்நாளே பழத்தை ட்ரைவ்வேயில் வைத்துவிட்டார். விடிய அது உறைந்து கருங்கல்லாகக் கிடந்தது. அண்ணை கந்தசாமியாரை நினைத்துப் பெடலை மிதித்தார். சில்லு பழத்தின் மேல் ஏறியது, பழம் உருண்டது, அண்ணை சைக்கிளோடு பக்கத்துப் பனிக்கும்பியில் போய் விழுந்தார். ஐஸுக்குப் பயந்து இரண்டு வருடம் காலைத் தேய்த்து நடந்தவரை விழுத்தியது ஒரு எலுமிச்சம்பழம்.

மூன்று மேற்சட்டையும் தாங்கிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. தானே எழும்பினார். "கண்ணூறு கழிஞ்சுது," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அக்கா வாசலில் நின்று கண் மறையும்வரை பார்த்தாராம். கண் மறைய அதிக நேரம் எடுக்கவில்லை. சந்தியில் அன்புராசா நின்றார்.

அன்புராசா வீடு விற்பனை முகவர். ஷெப்பேர்ட் வீதியில் பஸ் தரிப்பில் ஆட்கள் குந்தும் வாங்கிலெல்லாம் அவருடைய சிரிக்கும் படம்தான். அப்படி ஒரு வாங்கிலுக்குப் பக்கத்திலேயே தன் பெரிய வாகனத்தைக் குறுக்கே நிற்பாட்டினார். அண்ணை முன்பு ஓடியதெல்லாம் எங்கள் ஆட்கள் நித்திரையால் எழும்பாத நேரம். கை முறிந்த பிறகு அவருடைய வேலை மத்தியான நேரத்துக்கு மாறியிருந்தது. இப்போது முழு ஸ்காபரோவும் கண் விழித்திருந்தது.

"அண்ணை, என்ன இது? நாங்கள் ஒருத்தரும் இல்லையே உங்களுக்கு? ஏறுங்கோ."

"இல்லைத் தம்பி, நான் ஆசைக்கு..."

"விளங்குது அண்ணை. ஒண்டும் சொல்லவேண்டாம். ஏறுங்கோ." சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். இறக்கிவிடும்போது குரலைத் தாழ்த்தி, "வீட்டை விக்கிறதெண்டால் வங்கி வாறதுக்கு முதல் எனக்கொரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றார்.

எங்கள் ஆட்களின் அன்பை மறுக்க இன்னும் ஒரு வழி பிறக்கவில்லை. வேண்டாம் என்றால் வெட்கப்படுகிறார் என்று அர்த்தம். உண்மையாகவே வேண்டாம் என்றால் மிகவும் வெட்கப்படுகிறார் என்று அர்த்தம். அந்த வாரம் முழுவதும் அண்ணை ஒருநாளும் சைக்கிளில் வேலைக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒருவர் மறித்தார். வியாழக்கிழமை மறித்தவர்கள் சூசைதாசனும் மனைவி அன்ரனெற்றும். அவர்கள் வேலைக்குக் கொண்டுபோய் விடவில்லை. நேரே ஒரு செபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். குடியிலிருந்து விடுதலைக்கான செபம் அது. அண்ணை சைவ சமயம் என்பது அங்கே யாருக்கும் பொருட்டாகத் தெரியவில்லை. நடுவில் இருத்தி, ஹெல்மெற்றின் மேல் ஏழெட்டுப் பேர் கை வைத்தார்கள்.

"நான் குடிக்கிறேல்லை," என்றார் அண்ணை.

"அல்லேலூயா!" என்று முழு மண்டபமும் எழும்பி நின்றது.

அன்று வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினார். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டாராம். "எனக்கு வெளியிலை ஐஸ் பயமில்லை. தமிழரைத்தான் பயமாய்க் கிடக்கு!"

அக்கா யோசித்தார். "அப்ப நாளைக்கு நான் காரிலை உங்களுக்குப் பின்னாலை வாறன். மினுங்கிற ஹசாட் லைற்றைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வாறன். பெண்சாதி பின்னாலை வரேக்கை ஆர் மறிச்சு ஏத்தப்போகினம்?"

"நான் தனியப் போறதெண்டு சொன்னனான்."

"நீங்கள் முன்னுக்குத் தனியப் போங்கோ. நான் பின்னுக்குத் தனிய வாறன்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அண்ணைக்குத் தோன்றியிருக்கிறது. களைத்துப்போன மனிதனுக்கு எல்லாவற்றிலும் நியாயம் தெரியும்.

சனிக்கிழமை காலை ஷெப்பேர்ட் வீதி எங்கள் ஆட்களால் நிறைந்திருக்கும். பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இறக்குவது, மரக்கறி, இறைச்சி, தலைமயிர் வெட்டு, எல்லாம் அன்றுதான். நான் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல விளைமீன், வெட்டித் துப்புரவாக்கி முன்சீற்றில் வைத்திருந்தேன். அப்போதுதான் எதிரே அந்த வரிசையைக் கண்டேன். நாலைந்து கார்கள், எல்லாம் முன்லைற்றையும் ஹசாட் லைற்றையும் போட்டபடி, ஒன்றின் பின் ஒன்றாக, ஆள் நடக்கும் வேகத்தில். இந்த ஊரில் அப்படிக் கார்கள் போனால் அது செத்தவீட்டு ஊர்வலம். குழந்தைக்கும் தெரியும்.

முதல் கார் யோகராணி அக்காவுடையது. தனியே இருந்து ஓடினார். முகம் கல்லாக இருந்தது.

கலியாணமென்றால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு நிற்பார்கள். செத்தவீட்டுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கண்டால் சேர்ந்துவிடவேண்டும். யாருடையது என்று பிறகு கேட்கலாம். நான் காரைத் திருப்பினேன், லைற்றுகளைப் போட்டேன், கடைசியில் சேர்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் உடனே இன்னொன்று சேர்ந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கீதனுக்குப் போன் எடுத்தேன்.

"கீதன், ஆரோ மோசம் போயிட்டினம். யோகராணி அக்கா முன்னுக்குப் போறா."

"ஐயோ! ஆரண்ணை?"

"தெரியேல்லை. அக்கா தனியத்தான் ஓடுறா."

"இரத்தினவேல் அண்ணை பக்கத்திலை இல்லையோ?"

நான் எதிரே கண்டதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக அண்ணை இருந்து பழகிய அந்த முன்சீற் வெறுமையாக இருந்தது.

"நேற்று நல்லாய் இருந்த மனிசன்," என்றான் கீதன். அவன் நேற்று அண்ணையைக் காணவில்லை. ஆனாலும் செத்தவீட்டில் அப்படித்தான் சொல்லவேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கலியாண மண்டபத்தில் அவர் என் சட்டைக்கையைப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. நான் அன்றைக்கு ஒழுங்காகக் காது கொடுக்காமல் பாயாசம் குடித்தேனே என்று அழுதேன். காருக்குள் மீன் மணந்தது. பெட்டி ஏற்றிய வண்டி எங்கே என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அக்காவின் காருக்கு முன்னால் மஞ்சள் அங்கியோடு ஒருவர் சைக்கிளில் போவது வளைவுகளில் தெரிந்தது. ஊர்வலத்துக்கு வழி எடுத்துக் கொடுக்கும் ஆள் என்று நினைத்தேன். ஸ்காபரோவில் இப்போது இந்த வசதியும் வந்துவிட்டதே என்றுகூட நினைத்தேன்.

முன்னால் போனவரின் கதையே வேறு. முதல் பத்து நிமிடமும் பயத்தில் உடம்பெல்லாம் வேர்த்ததாம். பிறகு ஆணி ரயர் ஐஸைக் கடிக்கும் சத்தம் காதுக்குப் பிடித்துவிட்டது. மிட்லண்டில், தான் விழுந்த அதே திருப்பத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார், விழவில்லை. அதற்குப் பிறகு கண்டதெல்லாம் அதிசயம். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒருவரும் முந்தவில்லை. பச்சை விழுந்தும் குறுக்குத் தெருவில் கார்கள் அசையாமல் காத்து நின்றன. பஸ் தரிப்பில் ஒரு இத்தாலியக் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். இரண்டு வருடத்துக்குள் இந்த நகரம் சைக்கிள்காரரை மதிக்கப் பழகிவிட்டது என்று அண்ணைக்கு மனம் பூரித்துப்போனது. அவரும் கிழவருக்குக் கை காட்டினார். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்ஸ்மியருக்குத் திரும்பும்போது வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. பக்கத்து நகரங்களான பிக்கரிங்கில் இருந்தும் மார்க்கத்தில் இருந்தும் புறப்பட்டுவிட்டார்கள் என்று கீதன் போனில் சொன்னான். வருகிறவர்கள் சாப்பிட யாரோ ரோல்ஸுக்கும் சொல்லிவிட்டார்களாம்.

பாண் தொழிற்சாலையின் பார்க்கிங் லொட்டுக்குள் ஒவ்வொரு காராக நுழைந்தோம். மயானமென்று எதிர்பார்த்த இடத்தில் பாண் மணம் வந்தது. ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. வேலை செய்த இடத்துக்குக் கடைசியாகக் கொண்டுவருகிறார்கள் என்று அன்புராசா விளக்கம் சொன்னார். அவர் அதற்குள் கழுத்தில் கறுப்பு ரை கட்டியிருந்தார். மஞ்சள் அங்கிக்காரர் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதே அங்கியோடு அவரை வாரம் முழுக்க ஏற்றியவர்களுக்கும் துக்கத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் அக்காவிடம் போனேன்.

"எப்பிடியக்கா இது, திடீரெண்டு?"

"ஓம் தம்பி," என்றார் அக்கா. முகம் முழுக்க நன்றி. "நீங்கள் எல்லாரும் இப்பிடி அவருக்குத் துணைக்கு வருவியள் எண்டு நான் நினைக்கவேயில்லை. கண்ணாடியிலை பாத்தனான், பெரிய சந்தோசமாய்ப் போச்சு."

சந்தோஷம் என்ற சொல் எங்களை உலுக்கிவிட்டது. அதிர்ச்சியில் புத்தி தடுமாறிவிட்டது என்று அன்ரனெற் போய் யோகராணி அக்காவின் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கீதன் போனை நீட்டினான். கண்ணீர் அஞ்சலி. எங்கள் சங்கத்தில் விளக்கும் பூவும் வாசகமும் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் போட்டால் சரி. போட்டுவிட்டான். சங்கத்து இராப்போசனத்தில் எடுத்த படம், அண்ணை கோட்டுச் சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா படத்தைப் பார்த்தார். கறுப்பு ரையைப் பார்த்தார். கை கட்டி நின்ற எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பனிக்கும்பியில் அப்படியே இருந்து, வாய்விட்டுக் குழறி அழத் தொடங்கினார். அந்த அழுகையை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. அவரோடு சேர்ந்து எல்லாரும் அழுதோம்.

அப்போது அந்த மஞ்சள் அங்கி நிமிர்ந்தது. சத்தம் வந்த பக்கம் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தது. பிறகு ஓடிவந்தது. அந்த இடம் முழுக்க ஐஸ். நாங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவர் ஓடினார். காலைத் தூக்கித் தூக்கி வைத்து, இளம் பொடியனைப்போல ஓடிவந்து, கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு அக்காவுக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்.

"என்ன யோகம்? என்ன நடந்தது? ஆர் செத்தது?"

அன்ரனெற் "யேசுவே!" என்று கத்தினார். அன்புராசா இரண்டடி பின்னால் போய் வழுக்கி விழுந்தார். கீதன் மட்டும், பாவம், கையில் போனை நீட்டியபடியே நின்றான். அண்ணை அதை வாங்கி நிதானமாக வாசித்தார்.

"நான் நீர்வேலியடா. கோப்பாய் எண்டு போட்டிருக்கிறாய்."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது அக்காதான். அழுதுகொண்டே சிரித்தார். மூக்கைச் சால்வையில் துடைத்தார். பிறகு எங்களை எல்லாம் விட்டுவிட்டு அவரிடம் மட்டும் பேசினார்.

"இந்த ரெண்டு வருசமும் நான் ஒவ்வொரு நாளும் உங்கடை செத்தவீட்டைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். சமைக்கேக்கையும் அதுதான், படுக்கேக்கையும் அதுதான். ஆர் வருவினம், நான் என்ன செய்வன், எப்பிடி நிப்பன் எண்டு. இண்டைக்கு எல்லாரும் வந்திட்டினம். ஒருத்தரும் குறையில்லை. நானும் அழுது முடிச்சிட்டன்." அவருடைய ஹெல்மெற் பட்டியை இறுக்கிவிட்டார். "முடிஞ்சுது. வேலை முடிய நீங்கள் தனிய வாங்கோ. நான் வரமாட்டன்."

அண்ணை அக்காவைத் தூக்கி நிறுத்தி, உடம்பில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளே போனார். வந்து சேர்ந்த ரோல்ஸை நாங்கள் காருக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

மிச்சத்தை அண்ணை இரவு போனில் சொன்னார். வேலை முடிந்து வெளியே வந்தபோது நல்ல பனி கொட்டியதாம். பார்க்கிங் லொட்டைச் சுற்றிப் பார்த்தாராம். உண்மையாகவே ஒருவரும் இல்லை. ஏறினார். வழிநெடுக ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவரும் வழிவிடவுமில்லை. ஒரு லொறி ஹோர்ன் அடித்து, சேற்றுப் பனியை இடுப்புவரை அள்ளி ஊற்றிவிட்டுப் போனது. "அப்பதான் தம்பி எனக்கு ஓடுற மாதிரி இருந்தது," என்றார்.

வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கதவைத் திறக்கப் போனாராம். அக்கா தலை முழுகி, ஈரக் கூந்தலோடு, ஒரு வாளி சுடுதண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து குறுக்கே நின்றார்.

"உள்ளுக்கு வரவேண்டாம். கால் கழுவிப்போட்டு வாங்கோ. செத்தவீட்டாலை வாறியள்."